அக்கா நூலால் கட்டிய லைக்கன்

என் அக்காவுக்கு மரப்பட்டையை உற்றுப் பார்ப்பதுதான் உத்தியோகம். கட்டிய புருஷன் முகத்தைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பாசி மாதிரி பட்டையில் ஒட்டி வளரும் லைக்கன் என்றால் அவளுக்கு உயிர். அதில் கீரை போல அகலமாகப் படரும் ஒரு வகை உண்டு. பல நூறு வருஷமாகக் கோடாலி படாத மலைக்காட்டில்தான் அது இருக்கும். வெட்டிவிட்டு மறுபடி நட்ட காட்டில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. அது தானாக வளர்ந்திருக்கும் சரிவில் மரம் வெட்டக்கூடாது என்பது சட்டம். அக்கா கைகாட்டித் தப்பித்த காடுகள் சில உண்டு.

அன்று மேல்சரிவைப் பார்க்க அதிகாரி வந்திருந்தார். லைக்கன் இல்லையென்றால் மறுநாளே ரம்பம் இறங்கும். மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தாயிற்று. நான் அக்காவின் ஜீப் டிரைவர். தம்பி என்பதால் திட்டு இலவசம்.

வெயிலில் பட்டையும் லைக்கனும் ஒரே நிறமாகக் காய்ந்து கிடந்தன. அக்கா ஒரு மரத்தில் தண்ணீர் தெளித்தாள். சுருங்கிக் கிடந்தது விரிந்து பச்சையானது. அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"அடேங்கப்பா! தானா வளந்ததுதானேம்மா?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

அந்தச் சரிவில் லைக்கன் இருந்த ஒரே மரம் இரண்டு மழைக்காலத்துக்கு முன் சாய்ந்துவிட்டது. செத்துப்போகுமே என்று அக்கா ஒரு துணுக்கு விடாமல் வழித்தெடுத்து, இந்த மரத்தில் நூலால் கட்டிவைத்தாள். ஏணியைப் பிடித்தவன் நான். பட்டை நிற நூல் அதிகாரி கண்ணில் படவில்லை. ஆமான்னு சொல்லித் தொலையேன் என்று அவள் காலை மிதித்தேன்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"இல்ல சார். நான் கட்டினது."

"அப்போ வேற மரத்துல காட்டுங்க."

பொழுது சாயும்வரை மரம் மரமாகத் தண்ணீர் தெளித்தோம். கை விட்டுப்போனதுதான் மிச்சம். சாய்ந்த மரத்திலும் ஒன்றுமில்லை. அவள்தான் துடைத்து வைத்திருந்தாளே! அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

ஜீப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெரிய உத்தமின்னு நெனப்பா உனக்கு? ஒரே ஒரு பொய்! காடே பொழச்சிருக்கும்!"

"நாளைக்கு மாட்டிக்கிட்டா? நான் காப்பாத்தின மத்த காடெல்லாம் பொய்னு சொல்லி வெட்டுவாங்கடா."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

மறுநாள் கீழே ரம்பச் சத்தம் தொடங்கிவிட்டது. லைக்கனையாவது வேறு காட்டில் சேர்க்கலாம் என்று ஏறினோம். அக்கா நூலை அறுத்தாள். லைக்கன் விழவில்லை. மெல்ல இழுத்தாள், வரவில்லை. பட்டையை இறுகப் பற்றியிருந்தது.

"பொழச்சுக்கிச்சுடா!" என்று சொல்லிவிட்டு அக்கா தேம்பித் தேம்பி அழுதாள்.

பிறகு பட்டையோடு சேர்த்துப் பெயர்த்தெடுக்கக் கத்தியைக் கேட்டாள். கொடுத்தேன்.