ஹோல்கம் கணவாயும் என் வீட்டுக்காரரும்

கலிபோர்னியாவில் எங்கள் ஊர் ஃப்ரீமான்ட்டில் சபரிநாதன் என்றால் யாருக்கும் தெரியாது. "கழுதை அங்கிள்" என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த மகானைக் கட்டிக்கொண்டவள் நான், ஸ்வர்ணா.

சிப் கம்பெனியில் இன்ஜினியர். வந்த புதிதில் ஆபீஸ்காரர்களோடு சியரா மலைக்குப் போனவர் ஹோல்கம் கணவாயைப் பார்த்தார். அவ்வளவுதான், பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இந்தியாவிலிருந்து விருந்தாளி வந்தால் ஊரார் கோல்டன் கேட் பாலத்தைக் காட்டுவார்கள். இவர் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப்போய்க் கோவேறு கழுதைச் சாணத்தைக் காட்டுவார்.

வீட்டுக்கு வந்தவர்களையும் விடுவதில்லை. காபி டம்ளர் கைக்கு வந்ததும் ரம்பம் ஆரம்பமாகிவிடும்.

"அந்தக் காலத்துல கணவாய்க்கு இந்தப் பக்கத்துப் பழங்குடி ஜனங்க ஓக் மரத்துக் கொட்டையைக் கொண்டுபோவாங்க. அந்தப் பக்கத்து ஜனங்க அம்பு முனைக்குக் கறுப்புக் கண்ணாடிக் கல்லு கொண்டுவருவாங்க. அப்பல்லாம் மனுஷன் முதுகுதான். அப்புறம் சுரங்கக்காரன் வந்தான். மாவு, வெடிமருந்து, இரும்பு அடுப்பு, எல்லாம் கழுதை மேல. அப்புறம் ஆட்டு மந்தை."

"இப்ப யாரு சார் போறா?" என்று யாராவது பாவம் மரியாதைக்குக் கேட்டுத் தொலைப்பார்கள்.

"இப்பவும் கழுதைதான் சார்! அந்தக் காட்டுல இன்ஜின் வண்டி அலவ்டு இல்ல. பாதை ரிப்பேர் பண்றவங்க சாமான், ஹைக் பண்றவங்க சாப்பாடு எல்லாம் அது மேலதான். ஒரே சூட்சுமம், ரெண்டு பக்கமும் வெயிட் சமமா இருக்கணும். ஒரு பக்கம் ஏறிச்சு, சேணம் புரண்டுடும்."

இப்படிப்பட்டவருக்கு இந்த வருஷம் அறுபது. அறுபதாம் கல்யாணத்தை லிவர்மோர் கோயிலில் நடத்த வேண்டும் என்பது என் ஆசை. முதல் கல்யாணம் இவருடைய விசாவுக்காக அவசர அவசரமாக நடந்தது. என் அக்கா மீனாக்ஷி அன்றைக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என் கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவில்லை. இதற்காகவே இப்போது விசா வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரில் காத்திருக்கிறாள். தேதி சொன்னால் டிக்கெட் போட வேண்டியதுதான்.

"கோயிலுக்கு போன் பண்ணீங்களா?"

"பண்றேன் பண்றேன்."

மாசக்கணக்காக இதே பாட்டு. கேட்டால், "ஜூலையில நீ ஒரு தடவை என்கூட கணவாய்க்கு வா, வந்ததும் புக் பண்ணிடறேன்" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்கும் தொங்கு தராசு எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்குமே, அதில் இரண்டு பைகளையும் நிறுத்துச் சமமாகக் கட்டிக் கொடுத்தேன். மலையடிவாரத்தில் கழுதையும் குதிரையும் வாடகைக்கு விட்டுக் கூடவே வழிகாட்டி வரும் டார்லா என்ற அம்மாள் அவற்றைக் கழுதையின் இருபுறமும் தொங்கவிட்டாள். எங்களுக்கு ஆளுக்கொரு குதிரை. என் இடுப்பு என்ன பாடுபட்டது என்று கேட்காதீர்கள்.

மத்தியானம் சாப்பிட இறங்கினோம். டார்லா குதிரைகளைத் தண்ணீருக்கு ஓட்டிப்போனாள். அங்கிருந்து கிளம்பிக் கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே வந்தபோது கழுதை நின்றுவிட்டது. சேணம் சரிந்து, பைகளோடு அப்படியே அதன் வயிற்றுக்குக் கீழே போய்விட்டது. ஒரு பை வாய் பிளந்து சாமான்கள் பாறையில் உருண்டன. புளியோதரை டப்பா. அதன் பின்னால் ஒரு தேங்காய். மஞ்சள் கிழங்கு. குத்துவிளக்கு. அரக்கு நிறத்தில் ஒரு கூறைப்புடவை.

"இதெல்லாம் என்னது? நான் வைக்கலையே!"

சபரிநாதன் திருதிருவென்று விழித்தார். "என் முதுகுப் பையில இருந்துது. தோள் வலிச்சுது. அதான் சாப்பிடறப்ப எடுத்து அந்தப் பையில மாத்தினேன்."

ஏர்போர்ட் கவுன்ட்டரில் கைப்பை கனத்தால் சூட்கேஸில் திணிப்போமே, அதே புத்தி!

"இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் வெயிட் பாடம் எடுத்தீங்களே, உங்களுக்கு அறிவு வேண்டாமா? மலைக்கு எதுக்குங்க குத்துவிளக்கு?"

"மேல போய் உனக்குத் தாலி கட்டலாம்னு. எனக்குப் பிடிச்ச எடத்துல, நாம ரெண்டு பேர் மட்டும்."

கோயிலுக்கு ஏன் போன் போகவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. சண்டாளா என்று கத்தத் தோன்றியது, அழுகையும் வந்தது. அந்த அரக்கு நிறம் நான் முதல் கல்யாணத்துக்குக் கேட்டுக் கிடைக்காத நிறம். அதை ஞாபகம் வைத்திருக்கிறார், பாவி மனிதர்.

"உங்களுக்குப் பிடிச்ச எடத்துல நீங்க கட்டுவீங்க. எனக்குப் பிடிச்ச ஆள் பார்க்க வேண்டாமா? எங்க அக்கா எத்தனை தடவைங்க பார்க்காம இருப்பா?"

அவர் குனிந்து தேங்காயைத் துடைத்தார், புடவையை மடித்தார். டார்லா சேணத்தை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருக்க, இரண்டு பைகளிலும் சாமானை மாற்றி மாற்றி வைத்துக் கையால் தூக்கிப் பார்த்தார். உச்சிக்குப் போனோம். தாலிப் பேச்சையே எடுக்கவில்லை, கணவாயைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வரும் வழியில் சிக்னல் கிடைத்த முதல் இடத்தில் காரை ஓரங்கட்டினார். போன் போட்டது கோயிலுக்கு இல்லை, கோயம்புத்தூருக்கு.

"அக்கா, சபரி பேசறேன். நீங்க எப்ப வரமுடியும்னு சொல்லுங்க. அதுக்கேத்த நாள் பார்த்துக் கல்யாணம் வச்சுக்கலாம்."

செப்டம்பரில் அக்கா வந்தாள். அரக்குப் புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தேன். குருக்கள் தேங்காயைக் கையில் எடுத்ததும் சபரிநாதன் தொண்டையைச் செருமினார்.

"சாமி, இந்தத் தேங்காய் கழுதை மேல பதினோராயிரம் அடி ஏறி, உடையாம..."

"தாலி கட்டற வரைக்குமாவது வாயை மூடுங்களேன்!" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே என் பின்னால் வந்து நின்று தலைமுடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.