தட்டு மறையும் ஆழம்

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஓர் எவர்சில்வர் தட்டு மாட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் யாரோ சோறு தின்ற தட்டு. பிறகு நடுவில் ஆணியடித்து ஓட்டை போட்டு, முகத்தை நாலு பாகமாகப் பிரித்து, இரண்டு பாகத்துக்குக் கறுப்பும் இரண்டு பாகத்துக்கு வெள்ளையும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஓட்டையில் நைலான் கயிறு. கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. அடியில் ஒரு கல் தொங்கும். வெள்ளை பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. என் மனைவி பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்லிப் பல வருஷமாகிறது. போடவில்லை. காரணமும் சொன்னதில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். இதை எழுதுவதற்கே நாலு நாளாயிற்று.

நான் பாசன வேலையில் லஸ்கராக, மதகு திறந்து மூடுகிற ஆளாக, இருந்தேன். குடவாசலுக்குத் தெற்கே, ஆற்றிலிருந்து எங்கள் வாய்க்கால் பிரிகிற இடத்தில் இருக்கும் ஷட்டர் என் பொறுப்பு. திருகைச் சுற்றித் திறக்க வேண்டும், சுற்றி மூட வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். ஆறு நாள் எங்கள் வாய்க்கால், பிறகு பன்னிரண்டு நாள் மற்ற வாய்க்கால்கள். முறை என்றைக்கு என்று ஆளுக்கு ஆள் வந்து கேட்பார்கள். பதில் சொல்லி மாளாது. அதனால் ஷட்டர் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவைப்பேன். திறப்பு இன்ன கிழமை, மூடல் இன்ன கிழமை. அதற்குமேல் யாரோடும் பேச்சில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஷட்டருக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் அரிசி மில் வந்தது. மில்லைத் தாண்டிப் பள்ளிக்கூடம், அதன் எதிரே படித்துறை. நெல்லை ஊறப்போட்டு அவித்த தண்ணீரை மில்காரர் குழாய் வைத்து வாய்க்காலில் விட்டார். முறை நாட்களில் ஆற்றுத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். முறை இல்லாத நாட்களில் அது அப்படியே நிற்கும். கஷாய நிறம். மேலே சோப்பு நுரைபோல ஒரு படலம், அதில் தவிடு. வாடையைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. பத்து நாள் மறந்துபோன நீராகாரப் பானையைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அதோடு செத்த எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடு குனிந்து மோந்துவிட்டுத் திரும்பிவிடும். மனிதர்கள்தான் அதில் கால் கழுவினார்கள். வேறு தண்ணீர் இல்லை. முழங்காலுக்குக் கீழே எல்லோருக்கும் சொறி. எனக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு அறிவியல் டீச்சர் வந்தார். வாய்க்கால் தண்ணீரைப் பிள்ளைகள் வாராவாரம் சோதித்து எழுத வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டு பேர் வருவார்கள். முதலில் ஷட்டர் அருகே, அதாவது மில்லுக்கு மேலே ஓர் அளவு. பிறகு படித்துறையில், மில்லுக்குக் கீழே ஓர் அளவு. ஒரு நிறத்தாளை நனைத்துப் புளிப்பு பார்ப்பார்கள். சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு எண்ணுவார்கள். மீனுக்கு வேண்டிய காற்று தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியுமாம். படித்துறை மதிலில் பெயிண்டால் போட்டிருந்த அடி அளவுக் கோட்டைப் பார்த்து நீர்மட்டம் எழுதுவார்கள். கடைசியாகத் தட்டு. தட்டைக் கயிற்றில் இறக்கி, கறுப்பு வெள்ளை கண்ணுக்கு மறைகிற இடத்தில் நிறுத்தி முடிச்சை எண்ண வேண்டும். ஷட்டரில் நாலு முடிச்சு போகும். முறை இல்லாத வாரம் படித்துறையில் ஒன்று. சில வாரம் ஒன்றுகூட இல்லை.

தட்டு இறக்குவது ஒரு பெண்பிள்ளை. வேறு யாரையும் கயிற்றைத் தொட விடாது. அம்மா களை பறிக்கிறவள், அப்பா இல்லை. அதன் வீட்டில் சோறு தின்ற தட்டுதான் இந்தத் தட்டு என்று பிறகுதான் தெரிந்தது. சாமான்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தால் காணாமல் போகிறதென்று என் கொட்டகையில் வைத்துவிட்டுப் போவார்கள். வாரம் தவறாமல் அந்தப் பெண்ணின் குரல் கேட்கும்.

"ஷட்டர் தாத்தா, தட்ட எடுத்துக்கறோம்."

"யாரு தாத்தா? எனக்கு இன்னும் அம்பதே ஆவல. முடியப் பாரு."

"முடி கறுப்புதான் தாத்தா. மொகந்தான் தாத்தா."

மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். நான் சிரித்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் கொட்டகையைப் பெருக்கிவைத்தேன்.

ஒருநாள் அந்தப் பெண் நோட்டைக் காட்டியது. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட நீள நோட்டு. தேதி, மட்டம், புளிப்பு, சொட்டு, முடிச்சு என்று வரிசையாகப் போய்க் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். "அதுல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டேன். "அன்னிக்கு எது வித்தியாசமோ அது. மழ பேஞ்சா மழன்னு. நீங்க ஷட்டர் தெறந்தா தெறந்தாச்சுன்னு. எழுதாட்டி அளவெல்லாம் பொய் மாதிரி ஆயிடும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க." நான் தலையாட்டினேன்.

ஒன்றரை வருஷம் எழுதினார்கள். டீச்சர் அதைப் படியெடுத்து, மனு எழுதி, திருவாரூர் போய்க் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தார். அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுத்துப் பார்ப்பதாக ஒரு மார்கழி வெள்ளிக்கிழமையைச் சொன்னார்கள். அந்த வருஷம் மார்கழியில் ஒரு தூறல்கூட இல்லை. முறை போய்க்கொண்டிருந்தது. எங்கள் முறை அடுத்த செவ்வாய்க்கிழமை. சுவரில் எழுதியிருந்தேன்.

புதன்கிழமை மில்காரர் ஷட்டருக்கு வந்தார். மிரட்டவில்லை. அதட்டினால் எனக்கும் கோபம் வந்திருக்கும், ஒருவேளை தப்பித்திருப்பேன். திருகுக் கட்டையில் சாய்ந்துகொண்டு, வேண்டப்பட்டவரைப்போலப் பேசினார்.

"என்னப்பா, வெள்ளிக்கெழம ஆளு வர்றாங்களாம். வாய்க்கா கொஞ்சம் அழுக்கா கெடக்கு. ஒரு அலசு அலசி விட்டுடேன்."

"மொற இல்லிங்களே."

"மொறையாவது ஒண்ணாவது. யாரு பாக்கப் போறா? நம்ம பய நம்ம லாரியிலதான இருக்கான். நல்ல பய. அவனுக்காவது நாம பாக்க வேண்டாமா?"

என் மகன் மில்லில் லாரி ஓட்டினான். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வியாழக்கிழமை விடிய ஷட்டரைத் தூக்கினேன். மில் குழாயை அன்று அடைத்துவிட்டார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் ஆற்றுத் தண்ணீர் ஓடி அத்தனை அசிங்கத்தையும் கடைமடை ஊர்களுக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. அங்கே இருக்கிறவர்களும் மனிதர்கள்தான் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மூடினேன். ரிஜிஸ்டரில் இரண்டு நாளுக்கும் 'மூடல்' என்று எழுதினேன். சுவரில் இருந்த சாக்பீஸ் எழுத்து என் நினைவுக்கே வரவில்லை. முறை தவறித் திறந்து பழக்கமில்லாதவன் செய்கிற தப்பு அது.

அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். படித்துறையில் ஊரே கூடியது. பிள்ளைகளும் தங்கள் அளவை எடுத்தார்கள். அந்தப் பெண் தட்டை இறக்கியது. ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று, நாலு. தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. அப்போதும் கறுப்பு வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. பெரிய அதிகாரி எட்டிப் பார்த்தார். "இந்தத் தண்ணியத்தான் சாக்கடைன்னு எழுதினீங்களா டீச்சர்?" என்றார். டீச்சர் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். மில்காரர் சிரிக்காமல் நின்றார். அது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

அந்தப் பெண் மதில் கோட்டைக் காட்டியது. "சார், போன வெள்ளிக்கெழம ஒண்ணர அடி. இன்னிக்கி மூணு அடி. தண்ணி எங்கேருந்து சார் வந்துச்சு? மொற செவ்வாக்கெழமதான். தாத்தா கொட்டாய் சொவத்துலயே எழுதியிருக்காங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஏம்ப்பா, ஷட்டரத் தொறந்தியா?" என்றார் அதிகாரி.

"இல்லிங்க. மேல மழை பேஞ்சிருக்கும். கசிவுங்க" என்றேன்.

கசிவில் ஒன்றரை அடி ஏறாது. அங்கே நின்ற விவசாயிகள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நெல் எல்லாம் அந்த மில்லுக்குத்தான் போகிறது. ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார் அதிகாரி. 'மூடல்' என்றிருந்தது. அவர் சுவரைப் பார்க்கப் போகவில்லை. அந்தப் பெண் மட்டும் என் கையைப் பார்த்தது. திருகுக்குப் போட்ட கிரீஸ் நகக்கண்ணில் கறுப்பாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். பிரார்த்தனைக் கூட்டத்தை மைக்கில் நடத்துவார்கள், ஷட்டர்வரை கேட்கும். தண்ணீர் அளவுகளைத் தவறாக எழுதிவிட்டதாக ஒரு சீட்டு எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தார்கள். படித்தது. "ஊருக்கு ஏற்பட்ட அவப்பெயருக்கு வருந்துகிறோம்" என்று முடித்துவிட்டு, அதே மூச்சில், "இது நாங்க எழுதல. எழுதிக் குடுத்தது" என்றது. மைக்கை அணைத்துவிட்டார்கள். நான் கொட்டகையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தேன். மூடி வைத்தேன். அன்று முழுக்க மூக்கில் ஒரு வாடை இருந்தது. வாடை வாய்க்காலிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன். குளித்தும் போகவில்லை.

டீச்சரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சோதனை நின்றது. ஒரு சாயங்காலம் அந்தப் பெண் தனியாக வந்து நோட்டை என் முன்னால் வைத்துப் பிரித்தது. கடைசி வரிசை. மட்டம் மூன்று அடி, முடிச்சு நாலு. குறிப்பு என்ற கட்டம் காலி.

"இத நீங்க எழுதுங்க" என்றது.

"எனக்கு எழுத வராது."

"சொவத்துல எழுதறீங்க. ரிஜிஸ்டர்ல எழுதறீங்க."

நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நோட்டையும் தட்டையும் எடுக்காமல் திரும்பியது. வாசலில் நின்று, "நான் வர்றேங்க சார்" என்றது. என் வாழ்நாளில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் சார்தான். பஸ் நிறுத்தத்தில், ரேஷன் கடையில், அதன் அம்மா சாவுக்குப் போனபோதும். மரியாதையாகத்தான் சொல்லும். செருப்பால் அடித்திருக்கலாம். மன்னார்குடியில் காலேஜ் படித்தது. இப்போது வெளியூரில் வேலை என்கிறார்கள்.

என் மகன் அடுத்த ஆடிக்குள் மில் லாரியை விட்டுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். முதலாளி மரியாதை தெரியாதவராம். எவன் வேலைக்காக நான் பொய் சொன்னேனோ, அவனுக்கு அந்த வேலை ஒரு வருஷம்கூடப் பிடிக்கவில்லை. நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். நேர்மையானவர் என்று ஒருவர் பேசினார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மில்லுக்கு இப்போது இரண்டு குழாய். படித்துறையில் யாரும் இறங்குவதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் என்னைக் குறை சொன்னதில்லை. என்னைப் பற்றி அவர்கள் நினைப்பதும் அவர்களைப் பற்றி நான் நினைப்பதும் ஒன்றுதான். அதனால்தான் இவ்வளவு சுமுகமாக இருக்கிறோம். சீ.

போன வாரம் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். தண்ணீருக்குள் ஒரு குச்சியை விட்டால் போனில் எண் வருகிறது. ஒரு பையன் என்னிடம், "ஐயா, இந்த வாய்க்காலுக்குப் பழைய அளவு ஏதாவது இருக்குங்களா? முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சுன்னு காட்டாட்டி, இது ஏதோ ஒரு நாள் கெட்டுப்போனதுன்னு சொல்லிடுவாங்க" என்றான். இருக்கிறது, நாளைக்கு வா என்றேன்.

நோட்டை எடுத்துத் துடைத்தேன். பிரித்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷம் முறை இல்லாத நாளெல்லாம் படித்துறையில் ஒரு முடிச்சு, அரை முடிச்சு என்று போகிறது. கடைசி வரிசையில் நாலு. இதை இப்படியே கொடுத்தால் அந்த நாலைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் பொய் எழுதினார்கள் என்று மறுபடி ஒருவன் மைக்கில் சொல்வான். பேனாவை எடுத்தேன். கட்டம் சின்னது. எழுத அதிகம் இல்லை. 'முறை இல்லாத நாள். மில்காரர் கேட்டு ஷட்டரை நான் திறந்தேன். ரிஜிஸ்டரில் எழுதியது பொய்.' கீழே என் கையெழுத்து. அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா, தெரிந்தாலும் என்ன, எனக்குத் தெரியாது. தெரியப்படுத்தி நல்ல பேர் வாங்கும் வயதும் போய்விட்டது.

மறுநாள் வாய்க்கால் கரையில் நோட்டை வாங்கிய பையன் படித்தான். என்னை ஒருமுறை பார்த்தான். நோட்டை மூடிப் பையில் பத்திரமாக வைத்தான். நல்ல பிள்ளை. பிறகு, என் கையில் இருந்த தட்டைக் காட்டி, "இது என்னங்க?" என்றான். படித்துறையில் இறங்கிக் காட்டினேன். வெள்ளை உதிர்ந்த தட்டு கஷாயத் தண்ணீருக்குள் போயிற்று. முதல் முடிச்சு நனைவதற்குள் காணவில்லை. இழுத்து எடுத்தேன். கயிற்றோடு அந்த வாடை கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோப்பு போட்டுக் கழுவினேன். தட்டைக் கழுவவில்லை. அப்படியே ஆணியில் மாட்டிவிட்டேன்.