இணைச்சீருக்கு ஒரு வாய்தா

கல்யாணத்துக்குத் தேதி குறிக்க ஜோசியர் இருக்கிறார். பிரிவதற்குத் தேதி வாங்கித் தர என்னைப் போன்ற வக்கீல்கள் இருக்கிறோம். ஒரு குழம்புக்குக்கூட ஒத்துப்போகாத இரண்டு பேரை ஒரே மனுவில் ஒத்துப்போக வைக்கும் பாடு இருக்கிறதே, கல்யாணம் கட்டிய உங்களுக்கு அதை நான் விளக்கவா வேண்டும்!

ஒரே வண்டி

சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் சண்முகமும் அவர் மனைவி கோமதியும் காந்திபுரத்திலுள்ள என் ஆபீசுக்கு ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். எனக்குத் திக்கென்றது. ஒரு வருஷமாகப் பிரிந்து வாழ்கிறோம் என்று மனுவில் எழுதியாக வேண்டும். கோமதி கோபிசெட்டிபாளையத்தில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், அது நிஜம். ஆனால் பார்க்கிறவர்கள் நம்ப வேண்டாமா? "ஏனுங்க, கோர்ட்டுக்கும் இப்படியே வந்து நின்னுபோடாதீங்க!" என்று சத்தம் போட்டேன்.

சண்முகம் வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமதிதான் பதில் சொன்னாள்: "பஸ் ஸ்டாண்டுல வெயில்ல ஆட்டோ தேடிட்டு நின்னனுங்க. இவரு வண்டியக் கொண்டாந்து முன்னால நிறுத்துனாரு. ஏறுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க, நானா ஏறிட்டனுங்க."

காரணம்

இரண்டு பேரும் சம்மதித்துப் போடும் இந்த வகை மனுவில் யார் மீதும் குற்றம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்குமா? என்னதான் பிரச்சினை என்று கேட்டேன். "இவரு பேசவே மாட்டாருங்க மேடம்" என்றாள் கோமதி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று சண்முகத்தைக் கேட்டேன். மனுசன் ஃபேனைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கடைசியில் ஆமென்று தலையை ஆட்டினார்.

கோமதி மேசையைத் தட்டினாள்: "பாத்தீங்களா? அஞ்சு வருசமா ஒத்தைக்கு நானே சண்டை போட்டு எந்தொண்டைதானுங்க போச்சு!"

வாய்தா

ஆறு மாதம் கழித்து இரண்டாவது விசாரணைக்கும் தீர்ப்புக்கும் தேதி வந்தது. அதற்கு முந்தின வாரம் கோமதி போனில் அழுதாள். தீர்ப்பு நாளுக்குப் பத்தே நாளில் அவள் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்னும் கல்யாணச் சடங்கைச் செய்வது கூடப்பிறந்தவள்தான். தீர்ப்பு வந்துவிட்டால், வாழாதவள் எதற்கு என்று பெரியப்பா மகளை நிறுத்திவிடுவார்களாம். தீர்ப்பைத் தள்ளிப்போடச் சொல்லி சண்முகத்திடம் கேட்கவும் அவளுக்கு மனமில்லை. அவர் வீட்டில் அடுத்த பெண்ணே பார்த்தாகிவிட்டது. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

கோர்ட்டில் ஜட்ஜ் அம்மா, "ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?" என்றார். அப்போது பாருங்கள், நம் சண்முகம் வாயைத் திறந்தார்! "ஒரு மாசம் தள்ளிப் போடுங்கம்மா. பத்திரிகை வந்துச்சுங்க. எம்பட மச்சானுக்குக் கல்யாணம், இணைச்சீரு இவதான் செய்யோணும்."

"அப்போ சேர்ந்து வாழப்போறீங்களா?" என்று ஜட்ஜ் அம்மா கேட்டார்.

"இல்லீங்கம்மா, கல்யாணத்துக்குப் போறமுங்க."

தீர்ப்பு

ஒரு மாதம் வாய்தா கிடைத்தது; கோமதி செய்த சீர் ஜோராக நடந்தது. அடுத்த மாதம் கோர்ட்டு வராண்டாவில் எனக்கு மனசு கேட்கவில்லை. கேஸ் போனால் போகட்டும் என்று, "அம்மணி, இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம்" என்று கோமதியின் காதைக் கடித்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்: "எனக்காக அவரு வாய் தொறந்தது அன்னிக்கு ஒரு நாளுதானுங்க மேடம். அதைக் கேக்க நான் ஜட்ஜ் முன்னால போய் நிக்க வேண்டியிருந்துச்சே, தினமும் முடியுமுங்களா?"

தீர்ப்பு ஆனதும் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு அதே பைக்கில் கிளம்பிப் போக, பிரித்து வைத்த நான்தான் வெயிலில் ஆட்டோ தேடிக்கொண்டு நின்றேன்.