சத்தம் புகாத கார்

வளைகுடாவில் ஏழு வருஷம் கான்கிரீட் உடைத்தவன் நான். கையில் காற்றழுத்தத்தில் ஓடும் துளைக்கும் இயந்திரம். காலையில் பிடித்தால் பொழுது சாயும் வரை அதை விடமுடியாது. காதில் பஞ்சை அடைத்துக்கொள்வோம். எலும்பு வழியாக ஏறுகிற சத்தத்தைப் பஞ்சு என்ன செய்யும்? திருவிடைமருதூர்ப் பக்கத்தில் இருக்கும் என் ஊருக்கு நான் திரும்பியபோது, காதுக்குள் ஒரு வண்டும் கூடவே வந்து இறங்கியது. இருபத்து நாலு மணி நேரமும் ரீங்காரம். அதற்கு மேல் ஒரு பாத்திரம் விழுந்தால்கூட விழவைத்த கையை அடிப்பேன். பெரும்பாலும் அது என் மனைவியின் கை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அடிக்கும்போது இருக்கவில்லை.

முழுப் பழியையும் வண்டின் தலையில் கட்டவும் மாட்டேன். வெளிநாடு போவதற்கு முன்பே எனக்கு வாய்க்கு முன்னால் கைதான் பேசும். "கோவம் இருக்குற எடத்துலதான் கொணம் இருக்கும்" என்று அம்மா ஊரைச் சமாதானப்படுத்துவாள். எனக்குப் பிடித்த பழமொழி வேறு: அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். அதை என் அண்ணனிடமே காட்டினேன். திரும்பி வந்த வருஷம் நிலத்தைப் பிரித்தோம். கீழ வயல் வரப்பை என் பக்கமாகத் தள்ளி வெட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டேன். அவர் சிரித்தார். மண்வெட்டிக் காம்பால் வாயிலேயே ஒன்று வைத்தேன். முன்பல் இரண்டு சேற்றில் விழுந்தன. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "வரப்ப நீயே எடுத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரப்பை அவர் தள்ளவில்லை என்று சர்வேயர் வந்து அளந்தபோது தெரிந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. பேச்சு நின்றுவிட்டது.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு எங்கள் சண்டை ஒரு பொருட்டே இல்லை. பெரியப்பா வீட்டுக்குப் போனால் முதுகில் ஒன்று போடுவேன். அழுது முடித்துவிட்டு மறுநாளும் போவாள்.

வெளிநாடு போய்வந்தவர்கள் எல்லாம் மாடி வீடு கட்டிய காலம் அது. நான் மட்டும் கார் வாங்கினேன். செகண்ட்ஹேண்ட் டீசல் வண்டி, வெள்ளை நிறம், ஏசி உண்டு. ஓட்டிப் பார்த்த முதல் நாளே நொந்துபோனேன். எங்கள் பக்கத்துச் சாலை பாதி நாள் சேறு, மீதி நாள் பள்ளம். உள்ளே உட்கார்ந்தால் ரைஸ்மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் தாங்கமுடியாமல் ஓரம்கட்டி, டேஷ்போர்டை முஷ்டியால் குத்திக் கையை உடைத்துக்கொண்டேன். கட்டோடு போய் நின்ற இடம் கும்பகோணத்தில் ஒரு சீட்கவர் கடை.

கடைக்காரர் நாலு நாள் கேட்டார். சீட்டை எல்லாம் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மொட்டைமாடி ஒழுகாமல் இருக்க ஒட்டுவார்களே, அந்தத் தார் ஷீட்டைத் தரை முழுக்கச் சூடுகாட்டி ஒட்டினார். அதற்கு மேல் தேங்காய் நார் விரிப்பு, அதற்கு மேல் ஃபோம், கடைசியில் ரெக்சின். கதவு அட்டைகளுக்குப் பின்னாலும் அதே வேலை. கதவு ஓரங்களில் இரட்டை ரப்பர் பீடிங். மூன்றாம் நாள் அவரே கையை எடுத்துவிட்டார்.

"போதும் சார். இதுக்கு மேல அடைச்சா பின்னாடி வர்றவன் ஹாரன்கூட கேக்காது."

எட்டி அவர் சட்டையைப் பிடித்தேன். "எவன் ஹாரனும் எனக்குக் கேக்க வேணாம். அடைங்க."

பயந்துபோய் அடைத்தார். வேலை முடிந்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு ரோடு முழுக்க வாயசைத்துக்கொண்டிருந்தது, ஒரு சத்தம் இல்லை. ஏசியின் மெல்லிய இரைச்சலில் காதுக்குள் இருந்த வண்டும் அடங்கியது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். தார் வாடையும் ஃபோமை ஒட்டிய சொல்யூஷன் வாடையும் மூக்கைத் துளைத்தன. போகப் போகச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். ஒரு வாரமாகியும் போகவில்லை. நான் பழகிக்கொண்டேன்.

சித்திரை வெயில் ஆரம்பித்திருந்தது. மனைவி சீர்காழியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். மகளைக் கொண்டுபோய் விடக் கிளம்பினேன். அவள் பின்சீட்டில் ஏறிப் படுத்த சுருக்கில் தூங்கிப்போனாள். கதவு நாலையும் பூட்டினேன், கண்ணாடியை ஏற்றினேன்.

ஊர் எல்லையில் அண்ணன் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். நெல் அறுத்த வயலில் விளைந்த உளுந்தைச் செடியோடு பிடுங்கிக் காயவைத்துத் தார் ரோட்டில் போட்டுவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து அடித்துக் கொடுத்துவிடும். இதற்கு ஒரு முறை உண்டு. ஓட்டுகிறவன் மெதுவாக ஏறவேண்டும். தாண்டியதும் ஓரம்கட்டி, அடியில் சுற்றிக்கொண்ட கொடியை உருவி எறிந்துவிட்டுப் போகவேண்டும். செடி போட்டவனே ஓடிவந்து குனிந்து உருவிவிடுவான். காய்ந்த கொடி சுழலுகிற தண்டில் சுற்றி, பக்கத்தில் கொதிக்கும் புகைக்குழாயில் உரசினால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அண்ணன் கையை இறக்கி இறக்கிக் காட்டினார், மெதுவாக வா என்று. நான் வேகத்தைக் கூட்டினேன். மற்றவர்கள் செடியைக் கால் அடிக்குப் பரப்பினால் இவர் முக்கால் அடிக்குப் போட்டிருந்தார். அதைப் பிய்த்துக்கொண்டு பறந்தேன். இவன் செடிக்கு நான் இறங்கிக் குனிவதா? கண்ணாடியில் பார்த்தேன். கையைத் தூக்கிக்கொண்டு, பல்லில்லாத வாயைத் திறந்து திறந்து மூடியபடி பின்னால் ஓடிவந்தார். ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. நன்றாகத் திட்டிக்கொள் என்று சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

ரெண்டு மைல் தாண்டி ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நின்றேன். தார் வாடை கூடுதலாக அடிப்பது போலிருந்தது. வெயிலுக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடினார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் சுற்றிய கொடி சரசரத்திருக்கும். பழைய வண்டியாக இருந்தால் அது என் காதைக் கிழித்திருக்கும். என் காருக்குள் ஏசி இரைந்தது, குழந்தை தூங்கியது, நான் நிம்மதியாக இருந்தேன்.

கண்ணாடியில் அண்ணன் தெரிந்தார். துரத்திக்கொண்டு வந்த மொபெட்டை ஓடுகிற ஓட்டத்திலேயே கீழே போட்டுவிட்டு, தண்டவாளத்து ஜல்லிக்கல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பின்கதவை இழுத்துப் பார்த்தார். கல்லை ஓங்கினார். பின்கதவுக் கண்ணாடி நொறுங்கி என் மகள் மேல் கொட்டியது.

சீட்டுக்கடியில் ஜாக்கி ராடு வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு இறங்கினேன். வரப்புக்குப் பழிவாங்க என் பிள்ளையைக் கொல்ல வந்துவிட்டான் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அண்ணன் உடைந்த கண்ணாடி வழியாக இடுப்பு வரை உள்ளே நுழைந்து அவளை இழுத்துக்கொண்டிருந்தார். தோள் வெளியே வந்ததும் அதில் இறக்கினேன். எலும்பு முறிவது கைக்குத் தெரிந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையை வெளியே எடுத்து, மார்போடு அணைத்து, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு குனிந்தார். தலையில் இரண்டாவது அடி அடித்தேன். மண்டியிட்டார். பிள்ளையைக் கீழே விடவில்லை.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். வண்டிக்கடியில் தீ. உள்ளே ஒட்டியிருந்த தார் உருகி, தரை ஓட்டைகள் வழியாகச் சொட்டுச் சொட்டாக விழுந்து எரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதம், ஆட்கள் மண்ணை வாரி வாரி வீசினார்கள். பின்சீட்டு முதலில் பற்றியது. பத்து நிமிஷத்தில் கூடுதான் மிச்சம். பஸ் கண்டக்டர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து மிதித்தார்கள். மிதிக்கவேண்டியதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. தலையில் பதினோரு தையலோடு அண்ணன் சொன்னது இது:

"அவனுக்குக் கேக்கலங்க. வண்டிய அப்படி அடைச்சு வச்சிருந்தான். எவனோ அடிக்க வர்றான்னு நெனச்சிட்டான். கேஸு கீஸுன்னு ஒண்ணும் வேணாங்க."

தோள்பட்டை கோணலாகக் கூடியது. வலது கை தோளுக்கு மேல் ஏறாது. எங்களுக்குள் பேச்சு மறுபடி வந்தது. ஊரும் நம்பிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் நானும் அதையே சொன்னேன். அடைச்ச வண்டி, கேக்கல. வருஷக்கணக்காகச் சொன்னேன்.

பொய். கண்ணாடி நொறுங்கியது, இறங்கக் கதவையும் திறந்தேன் அல்லவா, அப்போதே அடைத்துவைத்த சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தது. முதல் அடி ஓங்கிய வேகத்தில் விழுந்தது, அதற்கு ஒரு சாக்குச் சொல்லலாம். இரண்டாவது அடிக்குக் கையைத் தூக்கியபோது "தீ! தீ! புள்ளைய எடுக்கறாருடா, அடிக்காத!" என்று ஒரு பெண்பிள்ளை கத்தியது தெளிவாகக் கேட்டது. அர்த்தமும் புரிந்தது. ஆனாலும் அடித்தேன். ஓங்கிய கையை இறக்கத் தெரியாதவன் நான். இதை அண்ணனிடம் சொல்லவில்லை. போன வருஷம் அவர் போய்விட்டார்.

மகளும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு இப்போது ஐந்து வயதில் ஒரு பிள்ளை. பொங்கலுக்கு வந்திருந்தாள். பரணில் இருந்த வெண்கலப் பானையை எடுக்கக் கையை மேலே தூக்கினேன். பக்கத்தில் நின்றவள் சட்டென்று பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்து, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் தூக்கிய கையோடு நின்றேன். அவள் நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். "பானைய எடுங்க."