கப்பலில் லைன் இருக்கிறது என்றார்கள்

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கப்பலில் போகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். தாப்பாவில் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்தவள். வேலையில் இருந்த காலமெல்லாம் தீபாவளிக்கு மறுநாள் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிப் போய்விடுவாள். அத்தானுக்குக் கடல் ஆகாது. பினாங்குக்குப் படகில் போனாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். அதனால் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"கிள்ளான்ல ஏறி புக்கெட் போயிட்டுத் திரும்பி வருது. ஒரே ரூம்ல நாம ரெண்டு பேரும். நீ ஒன்னும் செய்ய வேணாம் லா, துணிய மட்டும் எடுத்துட்டு வா."

சரி என்றேன். லீவு கேட்டேன், கிடைத்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

நான் ஈப்போவில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். கோலாலம்பூரில் உள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு, மருத்துவமனைகள் அனுப்பும் பில்களையும் அறிக்கைகளையும் சரிபார்த்துக் கொடுக்கிறேன். பயணத்துக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது என் பிரிவில் ஒரு பெண்ணுக்குத் தேதிக்கு முன்பே பிரசவம் ஆகிவிட்டது. எங்கள் குழுத் தலைவி அழைத்தார். என்னைவிட வயதில் சின்னவர், சீனப் பெண். எங்களுக்குள் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சுதான். லீவை ரத்து செய்யச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கப்பலில் இப்போதெல்லாம் இணையம் இருக்கிறதாம், தன் தோழி கப்பலிலிருந்தே வேலை பார்த்தாராம், காலையில் கொஞ்ச நேரம் மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதுமாம். அவர் அவ்வளவு தன்மையாகக் கேட்டதால் 'போலே' என்று சொல்லிவிட்டேன். முடியும் என்று அர்த்தம். முடியுமா என்று எனக்கே தெரியாது.

அன்று மாலை கப்பல் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். மூன்று பேக்கேஜ். முதலாவதில் வாட்ஸ்அப் போன்றவற்றில் செய்தி மட்டும் அனுப்பலாம். இரண்டாவதில் 'எல்லா இணையப் பக்கங்களையும் பார்க்கலாம்' என்று போட்டிருந்தது. மூன்றாவதில் படமும் பார்க்கலாம், பார்த்துப் பேசவும் செய்யலாம். மூன்றுக்கும் பக்கத்தில் ஒரே பெண்ணின் படம், நீச்சல் குளத்தோரம் கணினியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குட்டி நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்கான விளக்கத்தைத் தேடிப் பக்கத்தின் அடிவரைக்கும் போனால், வேகம் இடத்தையும் வானிலையையும் பயணிகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது என்று எழுதியிருந்தது. அதாவது எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. நிறுவனத்தின் கோப்புகளைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் வி.பி.என். ஓட வேண்டும். வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் போகும் பூட்டிய வழி அது. அது இல்லாமல் என் கணினி வெறும் தட்டு. எந்த பேக்கேஜில் அது ஓடும் என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

டிக்கெட் எடுத்துக் கொடுத்த டிராவல் கடை லகாட் சாலைப் பக்கம் இருக்கிறது. மறுநாள் மதியம் அங்கே போனேன். கடையில் இருந்த பெண் நன்றாகப் பேசுவாள்.

"மிடில் பேக்கேஜ் எடுங்க அக்கா. எல்லாரும் அதான் எடுக்கறாங்க."

"அதுல வி.பி.என். ஓடுமா?"

"ஃபேஸ்புக் எல்லாம் ஓடும்."

"ஃபேஸ்புக் வேணாம்மா. நான் வேல செய்யணும்."

"வேலயா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கப்பல்ல போயி என்ன அக்கா வேல? சரி, ஈமெயில் ஓடும். ஈமெயில் ஓடுனா வேலயும் ஓடும்தானே?"

அவளிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அவள் கப்பலில் போனதே இல்லை என்பதைப் பேச்சின் முடிவில்தான் சொன்னாள்.

கப்பல் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று இயந்திரம் சொன்னது. பிறகு பாட்டு. மீன் குழம்பு கொதித்து இறங்கும்வரை பாட்டுதான். கடைசியில் எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் வந்தார். வி.பி.என். பற்றிக் கேட்டதும் எழுதி வைத்ததை வாசிப்பதுபோலச் சொன்னார்: ஓடலாம், ஆனால் உறுதி தரமுடியாது. எதில் ஓடலாம் என்றேன். இரண்டாவதிலும் ஓடலாம், மூன்றாவதிலும் ஓடலாம். இரண்டாவதில் ஓடாவிட்டால்? கப்பலில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் முதலில் கட்டியதைக் கழித்துக்கொள்வார்களா என்று நான் கேட்கும்போது லைன் விட்டுப்போனது. திரும்ப அழைத்தால் மறுபடியும் அதே பாட்டு. வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம், அக்காவும் நானும். சுங்காய் ஊரைத் தாண்டி உள்ளே, பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது சின்னச் சின்ன வீடுகள். கித்தா மரங்களை எப்போதோ வெட்டிவிட்டார்கள், சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். அங்கே வீட்டுக்குள் கைப்பேசி லைன் வராது. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நான் அங்கேயே மாட்டிக்கொண்டு, கொஞ்சமாவது லைன் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் காடியை நிறுத்தி, அதற்குள் வியர்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். அண்ணனிடம் கப்பல் பேக்கேஜைப் பற்றிப் புலம்பினேன்.

"இங்க தரையிலயே லைன் இல்ல. நடுக்கடல்ல எவன் கம்பம் நட்டு வச்சிருக்கான்?" என்றார்.

"செயற்கைக்கோள் வழியா வருதுண்ணே."

"அப்ப நல்லா வரும். மேல மரம் ஒன்னும் இல்லைல."

அக்கா சிரித்தாள். அவள் ஏற்கனவே ஆகச் சின்ன பேக்கேஜை, செய்தி மட்டும் அனுப்புவதை, யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டிருந்தாள். பேரனுக்குப் படம் அனுப்ப அது போதுமாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. அன்று வீடு திரும்பியதும், இதற்குமேல் யோசித்தால் தலை வெடித்துவிடும் என்று இரண்டாவது பேக்கேஜுக்குப் பணம் கட்டினேன்.

இரண்டாவதில் வி.பி.என். ஓடவில்லை.

கப்பல் கிள்ளான் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததுமே முயன்று பார்த்தேன். அக்கா பால்கனியில் நின்று, "வந்து பாரு, எல்லாரும் கை காட்டறாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். திரையில் சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி, தொடர்பு மறுக்கப்பட்டது என்று வந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி அதே. கணினியை அணைத்து எழுப்பினேன். அதற்குள் துறைமுகம் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

வரவேற்புத் தளத்தில் இணையத்துக்கென்று தனி மேசை. அதற்கு முன்னால் பெரிய வரிசை, எல்லாரும் என்னைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். மேசையில் இருந்த பிலிப்பினோ இளைஞர் மிகவும் பணிவானவர். இரண்டாவது பேக்கேஜில் வி.பி.என். அடைக்கப்பட்டிருக்கிறது என்று புன்னகையோடு சொன்னார். உதவி எண்ணில் வேறு மாதிரி சொன்னார்களே என்றேன். கரையில் இருப்பவர்களுக்குக் கப்பலைப் பற்றித் தெரியாது என்றார். மூன்றாவதுக்கு மாற்றலாம், கட்டியதைத் திருப்பித் தரமுடியாது, கப்பலில் வாங்குவதற்குக் கூடுதல் விலை. எனக்குப் பின்னால் நின்ற ஓர் ஆள் பெருமூச்சு விட்டார். அட்டையை நீட்டினேன்.

மூன்றாவதில் வி.பி.என். ஓடியது. ஆனால் உள்ளே நுழைய நிறுவனம் ஓர் எண்ணை என் கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும், அதைக் கணினியில் தட்ட வேண்டும். என் பேக்கேஜோ ஒரு கருவிக்கு மட்டும். கைப்பேசியை இணைத்தால் கணினி விழுந்துவிடும். கணினியை இணைத்தால் எண் வராது. அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறக்கவே முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கணினிக்கு மாறினால், அதற்குள் எண் செத்துப்போயிருக்கும். இரண்டு கருவிக்கான பேக்கேஜ் இருக்கிறதா என்று மேசைக்கு மறுபடி போய்க் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் காலை, பசியாறிவிட்டு வந்ததும் எனக்கு ஒரு வழி தோன்றியது. அக்காவின் பேக்கேஜை என் கைப்பேசியில் போட்டுக்கொண்டால் எண் வந்துவிடும்.

"ஒரு நிமிஷம் உன் லைன எனக்குக் குடு அக்கா."

"எடுத்துக்கோ" என்றாள்.

எண் வந்தது. உள்ளே நுழைந்தேன். முதல் பில்லைத் திறந்து பாதி படிப்பதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி நுழைய மறுபடி ஓர் எண் வேண்டும். அக்கா அப்போதுதான் பேரனுக்குக் கடலைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ அக்கா."

கொடுத்தாள். நுழைந்தேன், அறுந்தது. இப்படியே அந்தக் காலை முழுவதும். பேரனுக்காக அவள் மகள் வீட்டிலிருந்து எழுதும் பதில்களை அக்கா பாதியில் விட்டு விட்டுப் படித்தாள். ஒரு கட்டத்தில் கைப்பேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. மதியம்வரை மூன்று பில்களை முடித்தேன். வீட்டில் என்றால் காப்பி ஆறுவதற்குள் முடித்திருப்பேன்.

புக்கெட்டில் கப்பல் நின்ற காலை, அக்கா தொப்பி போட்டுக்கொண்டு கதவருகே நின்றாள்.

"வரியா இல்லையா?"

"ஒரு மீட்டிங் இருக்கு. அது முடிஞ்சதும் வாரேன். நீ கீழ போயி படகு வரிசைல நில்லு."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"நான் என்ன செய்ய? லைன் இல்ல லா. எனக்கு மட்டும் ஆசையா?"

"ஆசையா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஒன்னு சொல்றேன் கேளு. முப்பது வருஷத்துக்கு மேல வார்டுலயும் கிளினிக்லயும் நின்னவ நான். அங்க ஆளு செத்துப்போவாங்க, அதனால லீவு எடுக்க முடியாது. நீ பாக்கறது பில்லு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா அந்த பில்லு செத்தா போயிரும்?"

"உனக்குப் பென்ஷன் இருக்கு, பேசற. எனக்கு யாரு குடுப்பா?"

அக்கா கதவைத் திறந்தாள். முந்தைய நாள் சாப்பாட்டு மேசையில் பழக்கமான தைப்பிங் தம்பதியோடு கிளம்பிப் போய்விட்டாள்.

மீட்டிங் தொடங்கியது. குழுத் தலைவியின் முகம் வந்தது, உறைந்தது, மறுபடி வந்தது. அவர் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்டது 'மாத முடிவு' என்ற சொல் மட்டும். நான் பேசியது அவருக்குப் போகவில்லை. கேமராவை அணைத்துப் பேசிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். பிறகு திரை வெறுமையானது. கப்பல் நின்றுகொண்டிருக்கிறது, ஊர் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, மழையும் இல்லை, பயணிகளில் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். இப்போதும் லைன் இல்லை என்றால் எப்போதுதான் இருக்கும்? கணினியைக் கட்டிலில் வீசினேன். மெத்தைதான் என்று பார்த்துத்தான் வீசினேன்.

குழுத் தலைவிக்கு எழுதினேன், போகிறதோ இல்லையோ என்று. இங்கே வேலை செய்ய முடியவில்லை, மீதி நாட்களுக்கு லீவாகவே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நீண்ட நேரம் கழித்து, 'சரி, தகவல் கிடைத்தது' என்று ஒரு வரி வந்தது. அது கோபமா இல்லையா என்று எத்தனை தடவை படித்தும் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கரைக்குப் போகும் படகுகள் இனித் திரும்ப மட்டும்தான், புதிதாக யாரையும் ஏற்றுவதில்லை என்றார்கள். அங்கேயே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு படகிலிருந்து அக்கா இறங்கி வந்தாள், முகமெல்லாம் வெயிலில் கறுத்து, கையில் மாம்பழச் சோற்றைத் தப்பாவ் என்று கடையில் கட்டி வாங்கிய பொட்டலத்தோடு. என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை நீட்டினாள்.

"சாப்புடு. ஆறிப்போச்சு."

நாங்கள் சமாதானம் பேசவில்லை. திரும்பி வரும் நாள் முழுவதும் ஒன்றாகச் சாப்பிட்டோம், ஒன்றாக நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்தோம். அவள் பேரனுக்குச் செய்தி அனுப்பினாள். நான் கட்டிய பணத்துக்காகவாவது உபயோகிக்கலாமே என்று கைப்பேசியில் எதையோ பார்த்தேன். அதுவும் மெதுவாகத்தான் வந்தது.

கிள்ளானில் இறங்கி, நான் காடியை ஓட்ட, நெடுஞ்சாலையில் வடக்கே வந்தோம். தாப்பாவில் அக்காவை இறக்கிவிட்டு அப்படியே ஈப்போவுக்குப் போய்விடலாம் என்று இருந்தேன். அத்தான் வாசலுக்கு வந்து, "உள்ள வா, சாப்புட்டுட்டுப் போலாம்" என்றார். அவரே சமைத்திருந்தார், கோழிக் குழம்பும் கங்கோங் கீரையும்.

"கப்பல் எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"எனக்கு நல்லா இருந்துச்சு. இவளுக்கு லைன் இல்ல" என்றாள் அக்கா.

பிறகு அவரிடம் புக்கெட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மலைமேல் ஒரு பெரிய வெள்ளைப் புத்தர் சிலை, அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கடல். சந்தையில் ஒரு தாய்லாந்துக்காரி இவளைத் தன் ஆள் என்று நினைத்துத் தன் மொழியிலேயே பேசிக்கொண்டே போனது. படகில் திரும்பும்போது தைப்பிங்காரர் தொப்பி காற்றில் பறந்து போனது. அத்தான் குழம்பை ஊற்றியபடியே ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்றார். நானும் அவரைப் போலவே, முதல் தடவையாக அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.