ஹம்சாவுக்கு மறுக்கப்பட்ட பலகை

ஹம்சா சுகர் லேண்ட் என்ற அமெரிக்க நகரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வயது நாற்பத்தேழு, எடை ஐம்பத்திரண்டு கிலோ. எடையைச் சொல்லும்போது மட்டும் இப்போதும் அவள் குரல் உயரும்.

மூன்று வருடங்களாக அவளும் கணவன் அச்சுதனும் சனிக்கிழமைகளில் கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போவார்கள். பெரிய பட்டத்தை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, அது இழுக்க இழுக்கப் பலகையில் சறுக்குவார்கள். போன ஏப்ரலில் இருவரும் ஃபாயில் பலகை கற்கச் சேர்ந்தார்கள். அந்தப் பலகையின் அடியில் ஒரு கம்பமும், கம்பத்தின் நுனியில் இறக்கையும் இருக்கும். வேகம் பிடித்ததும் பலகை நீரை விட்டு மேலே எழும்பும். கஷ்டமெல்லாம் கிளம்புவதில்தான். மார்பளவு நீரில் மிதந்துகொண்டே பலகையில் கால் வைத்து, பட்டத்தின் இழுப்பில் எழ வேண்டும்.

வகுப்பில் நான்கு பேர். பயிற்சியாளர் ஆண்கள் மூவருக்கும் சின்னப் பலகைகளைக் கொடுத்தார். ஹம்சாவிடம் மட்டும் கதவு அகலத்துக்கு ஒன்றை நீட்டி, "உங்களுக்கு இதுதான் பாதுகாப்பு" என்றார்.

"என் கணவர் எண்பத்தெட்டு கிலோ. அவருக்குச் சின்னது, எனக்குப் பெரியதா?" என்று கேட்டாள்.

கனமானவரை மிதக்க வைக்கத்தான் பெரிய பலகை. அது பயிற்சியாளருக்குத் தெரியாதா? அவர் சிரித்துக்கொண்டே அவள் தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார்.

திரும்பும்போது காரில் அச்சுதன் பேசியது அதைவிட எரிச்சல்.

"கோச் சொல்றார்ல, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

"நீங்க அந்தச் சின்னப் பலகையில மூணு மணி நேரம் விழுந்து விழுந்து உப்புத்தண்ணி குடிச்சீங்க. உங்களை யாராவது அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னாங்களா?"

அச்சுதன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

ஹம்சா வகுப்பை விட்டாள். பழைய சின்னப் பலகை ஒன்றை வாங்கி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, தானே இறங்கினாள். பலகை காலடியில் நிற்காமல் புரண்டது. பட்டத்தை வேகமாக இழுத்தபோது பலகை முன்நுனியைத் தூக்கிக்கொண்டு அவளைப் பின்னால் எறிந்தது. கம்பம் இடித்து முழங்காலுக்குக் கீழே நான்கு தையல். அவள் விழுவதை யாரோ வீடியோ எடுத்துத் தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவில் போட்டார்கள். அடியில் வரிசையாகச் சிரிப்பு முகங்கள். "இந்த வயசுல இது தேவையா?" என்று ஒரு ஆன்ட்டி கேட்டிருந்தார். அந்த ஆன்ட்டிக்கு ஹம்சாவைவிட இரண்டே வயது கூட.

ஏழாவது வாரம் ஒன்று புரிந்தது. வகுப்பில் எல்லோரிடமும் "எழுந்து நில், எழுந்து நில்" என்றுதான் கத்தினார் அந்த மனிதர். அதுதான் தப்பு. ஹம்சா எழவில்லை. முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, இரண்டு பாதங்களையும் பலகையில் வைத்தாள். பட்டத்தைப் பக்கவாட்டில் தாழ்த்தி, மெதுவாக இழுக்கவிட்டாள். முன்காலில் பாரத்தைப் போட்டு, குந்தியபடியே கிளம்பினாள். பலகை புரளவில்லை. கொஞ்ச தூரம் போனபின்தான் நிமிர்ந்தாள். அலைச் சத்தம் சட்டென்று அடங்கியது. நீருக்கு ஒரு முழம் மேலே போய்க்கொண்டிருந்தாள். "அச்சுதா!" என்று வாழ்நாளில் முதல்முறையாகக் கணவனைப் பெயர் சொல்லிக் கத்தினாள். கரையில் அவன் இரண்டு கைகளையும் உயர்த்திக் குதித்தான்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சியாளரின் இணையப் பக்கத்தில், அவள் நீருக்கு மேலே பறக்கும் படம் வந்தது. 'எங்கள் மாணவி' என்று போட்டிருந்தது.

"பெருமையாத்தானே போட்டிருக்கார், விட்டுடேன்" என்றான் அச்சுதன்.

"பெருமை அவருக்கு, தையல் எனக்கா?"

உடனே ஃபோன் செய்தாள். பாராட்டாகத்தான் போட்டேன் என்றார் அவர்.

"நான் உங்கள் மாணவி இல்லை. படத்தில் என் காலடியில் இருப்பது நீங்கள் தர மறுத்த அதே அளவுப் பலகை. படத்தை எடுத்துவிடுங்கள்" என்றாள் ஹம்சா.

ஒரு மணி நேரத்தில் படம் போய்விட்டது. மன்னிப்பு மட்டும் இன்றுவரை வரவில்லை.