செம்போத்தும் வௌவாலும்

அக்காவின் இழுப்புக்கு முதலில் கொடுத்தது செம்போத்து. காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் காட்டு வேலியோரம் கண்ணி வைத்து அப்பா பிடித்தார். நெஞ்சுக்குள்ளிருந்து அத்தனை நேரம் விடாமல் கூவுகிற பறவை, அதன் கறி மூச்சைக் கொடுக்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஒரு வாய்க்குக்கூடக் காணாத கறுத்த கறி. அம்மா மிளகு போட்டு ரசம் வைத்தாள். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். இழுப்பு அப்படியே இருந்தது.

மேட்டுப்பாளையத்து டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, எப்படி இழுப்பது என்று அக்காவுக்குக் காட்டியும் அனுப்பியிருந்தார். அம்மா அதை அட்டாலிப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"அது பழகிப்போச்சுன்னா உட முடியாதுங்க. பொண்ணு பாக்க வாரவங்க கண்ணுல பட்டா அப்பறம் எவன் கட்டுவான்?" என்றாள் அப்பாவிடம்.

அப்பாவும் தலையாட்டினார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்தது வௌவால். பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கியும் அதற்கு மூச்சு முட்டுவதில்லையாம். கோயில் ஆலமரத்து வௌவால்கள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வைக்காத ஊர் எங்களுடையது. மருந்துக்கென்றால் சாமி கோபிக்காது என்று சொல்லிக்கொண்டு, அதே மரத்தடியில் அப்பா ஏர்கன் துப்பாக்கியோடு போய் நின்றார்.

செம்போத்து வீட்டுக்கு வந்தபோது வெறும் கறியாகத்தான் தெரிந்தது. வௌவாலுக்கு முகம் இருந்தது, நாய்க்குட்டி முகம். அதன் மாரில் ஒரு குட்டி காம்பைக் கவ்வியபடி உயிரோடு இருந்தது. குட்டியின் விலா ஏறி ஏறி இறங்கியது.

"அம்மா, இதுக்கும் என்னையாட்டவே இழுக்குது. எனக்கு வேண்டாம்" என்றாள் அக்கா.

"கண்ண மூடிட்டுத் தின்னுபோடு கண்ணு" என்று அம்மா கெஞ்சினாள்.

அக்கா தின்றாள். குட்டி சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. இழுப்பு போகவில்லை.

மார்கழியில், பனி இறங்கிய ஒரு விடியற்காலையில் அக்காவுக்கு மூச்சு அடைத்தது. பேச முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே அட்டாலியைக் கையால் காட்டினாள். அப்பா ஏறி இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை அக்காவின் வாயில் வைத்து அமுக்கினாள். அக்கா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து, அம்மா ஒரு கையால் அவள் பிடரியைப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அமுக்கினாள். அக்காவின் விரல்கள் அம்மாவின் கையைப் பிராண்டின.

வாடகைக் கார் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அம்மா அப்போதும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். வாய்ப்பக்கத்து மூடி கழற்றாமல் அப்படியே இருந்தது.